நீர்வழிகள் – 6: தனுஷ்கோடித் துறையின் கப்பல்கள்

இலங்கையினின்று திரும்பும் வழியில் முகூர்த்தம் நெருங்கிவிடவே ஸ்ரீராமன் இவ்விடத்திலேயே பட்டாபிஷேகக் கோலம் பூண்டான் என்று எங்கள் அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் ஆலயத்தின் ஸ்தலபுராணம் கூறும். அவனுக்குப் புஷ்பக விமானம் வாய்த்தது. ஆள்சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஏழை ஜனங்களுக்கோ ரயிலும், அது நிற்குமிடத்தில் ஒரு நீராவிக் கப்பலுமே வாய்த்தன. அக்கப்பலின் அன்றாட உழைப்பே இவ்வார விஷயம்.

1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ரயில் தனுஷ்கோடி வரை சென்றதும், தூத்துக்குடியில் கப்பலேறி இரவெல்லாம் கடலில் கழித்துக் கொழும்பு சேர்ந்த பழைய யாத்திரை மாறி, தலைமன்னார் வரை சுமார் 22 மைல் நீரைக் கடந்தால் போதும் என்றாயிற்று. இரண்டு மணி நேரம் போலச் செல்லும் இப்பிரயாணத்துக்கென்றே இருந்த கப்பல்களுள் பின்னாளில் பெயர்பெற்றவை இர்வினும் கோஷனும். முன்னது வைசிராயின் பெயர், பின்னது சென்னைக் கவர்னரின் பெயர். ஆளவந்தவர்களின் நாமத்தைத் தரித்திருந்தும் அவை செய்தது என்னவோ சேவகம்தான். மகாசமுத்திரம் கடக்கும் கப்பலுக்குரிய கௌரவமோ, புதுத் துறைமுகம் காணும் குதூகலமோ அவற்றின் மாலுமிகளுக்கு இல்லை. போட் மெயில் என்னும் ரயில் வந்தால் புறப்பட வேண்டும், அக்கரை ரயிலுக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டும், மறுபடி திரும்ப வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் பாக் ஜலசந்தியும் தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவும் சீறும் இடம் அது. மணல்திட்டுகளோ இராமர் அணை நெடுகிலும் உண்டு.

ஆயினும் உண்மையான வேலை கடலில் நடந்ததைவிடத் துறைமேடையிலேயே அதிகம் நடந்தது என்பது என் அபிப்பிராயம். ரயில் பெட்டிகள் கப்பலில் ஏறவில்லையாதலால், பயணிகளும், தபால் பைகளும், மூட்டை முடிச்சுகளும் ரயிலிலிருந்து கப்பலுக்கும், அக்கரையில் கப்பலிலிருந்து ரயிலுக்குமாக மனிதர் தோளிலேயே மாறவேண்டியிருந்தது. இன்று ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ஓடும் 'சேது சாகர்' படகுகளில் லாரியும் காரும் தம் சக்கரத்திலேயே ஏறி, அக்கரையில் தம் சக்கரத்திலேயே இறங்கிவிடுகின்றன. சுமப்பவன் என்றொரு ஆளுக்கே அங்கே இடமில்லை.

கப்பலுக்குள் வகுப்புப் பேதமும் இருந்தது. ஆனால் அது கப்பலுக்கு வெளியே, மண்டபம் முகாமிலேயே ஆரம்பமாகிவிட்டது. துரைமாரும் வர்த்தகர்களும் மெயிலிலிருந்து நேரே மேல்தளத்துக்குச் செல்ல, தோட்டத் தொழிலாளரோ இலங்கை அரசாங்கம் நடத்திய அம்முகாமில் சில நாள் அடைபட்டு, அம்மைப்பால் குத்திக்கொண்டு, வைத்தியர் அனுமதித்த பின்னரே கடலைக் கண்டார்கள். 1939இல் இந்திய சர்க்கார் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புவதைத் தடை செய்ததும் இந்தக் கூட்டம் குறைந்தது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து 'இராமானுஜம்' என்ற கப்பல் ஓடிற்று. இலங்கையின் கலவரங்களால் 1984இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபர் 14 முதல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் கப்பல் விட்டார்கள், நடுவில் நின்று நின்று. பயணிகளை மட்டுமே அது ஏற்றுகிறது. காரோடு யாழ்ப்பாணம் போக நினைக்கும் சேலத்துக்காரர் வண்டியை நாகையில் விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும்.

(மண்டபம் முகாமின் கதை அடுத்த இதழில்)