பார்பியைப் படைத்தவர்தான் செயற்கை மார்பையும் செய்தார், தெரியுமா?

காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்குப் பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் உடம்பு இந்தப் பக்கம் சாயும், சுதாரிப்பதற்குள் அந்தப் பக்கம் சாயும். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டு, சேலத்தில் தையல் பிரித்துக்கொண்டு, அதே பஸ்ஸில் ஊர் திரும்பும் ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். பாடிக்குள் அவர் மடித்து வைத்த கைக்குட்டை வளைவுக்கு வளைவு மேலே ஏறுகிறது. அவரும் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வருகிறார்.

அந்தக் கைக்குட்டை ஏன் மேலே ஏறுகிறது தெரியுமா? அதற்கு எடை இல்லை, அவ்வளவுதான்! மார்பின் எடைதான் பிராவைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் எடை போனதும் அந்தப் பக்கத்துப் பட்டை மெல்ல எழும்புகிறது. மீதமிருக்கும் மார்பு தோளைத் தன் பக்கம் இழுக்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் ஒரு தோள் இறங்கி, கழுத்தும் முதுகும் வலிக்கத் தொடங்கலாம். மார்பு கனமானவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஆகவே சிகிச்சைக்குப் பின் போடும் பிராவை அலங்காரப் பொருள் என்று யாராவது ஒதுக்கினால் கேட்காதீர்கள். தோளுக்கும் முதுகுக்கும் அது வைத்தியம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் 1,92,000 பேர் என்கிறது உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான குளோபோகான். இவர்களில் எத்தனை பேரிடம் பிராவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்?

இப்போது இதைக் கேளுங்கள். 1959இல் பார்பி பொம்மையை உலகுக்குக் கொடுத்த ரூத் ஹேண்ட்லர், 1970இல் புற்றுநோய்க்கு ஒரு மார்பை இழந்தவர்! கடைகளில் அன்று கிடைத்த செயற்கை மார்புகளைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது. செருப்பில்கூட இடது, வலது உண்டு. இவையோ இரு பக்கத்துக்கும் ஒரே வார்ப்பு. பெய்டன் மாசி என்ற கைதேர்ந்த கலைஞரைக் கூட்டுச் சேர்த்து, இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி என்று 'நியர்லி மீ' என்ற பெயரில் சிலிக்கான் மார்புகளைச் செய்தார். ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய்த் தன் கையாலேயே பெண்களுக்கு அளவு பார்த்துப் பொருத்திவிட்டார். அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் அவரே பொருத்தினார்! பொம்மைக்கு மார்பு வைத்ததற்காக ஏச்சு வாங்கிய அதே பெண்மணி இவர். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை இரண்டாவதுதான்.

அவருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். 1952இல் நியூயார்க்கில் மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர், மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகு எப்படி வாழ்வது என்று சொல்ல ஆளே இல்லாமல் தவித்தார். பிறகு அதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண்களின் கட்டிலருகே போய் நிற்பார். கையில் என்ன இருக்கும் தெரியுமா? ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, பிராவுக்குள் வைக்க லேசான ஒரு செயற்கை மார்பு! பந்தும் கயிறும் கைக்குப் பயிற்சி கொடுக்க. பல டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. 'ரீச் டு ரெக்கவரி' என்ற அந்த இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ஏற்றுக்கொண்டது.

அன்றைய அறுவை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1880களில் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய முறைப்படி மார்போடு நெஞ்சுத் தசைகளையும் எடுத்துவிடுவார்கள். காறை எலும்புக்குக் கீழே குழி விழுந்துவிடும். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்டு (கதிர்வீச்சு) வைத்தாலும் அதே அளவு உயிர் பிழைக்க முடியும் என்று பெர்னார்ட் ஃபிஷர் குழுவினரின் பெரிய ஆய்வு 1985இல் காட்டியது. அதன் பிறகு இன்னொரு தேவை வந்தது: முழு மார்பு வேண்டாம், குறைந்துபோன இடத்தை மட்டும் நிரப்பும் சிறு துண்டு. கட்டி மட்டும் எடுத்தவர்கள் 'எனக்கு இதெல்லாம் தேவையில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். கரண்டு வைத்த மார்பு நாளாவட்டத்தில் கொஞ்சம் சுருங்கி இறுகலாம். அப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு கப் பொருந்தாது.

சரி, கொல்லிமலைக்காரர்கள் அசந்துபோகும் செய்தி ஒன்று! சிலிக்கான் வருவதற்கு முன், மேலை நாட்டுப் பெண்கள் பலர் துணிப்பைக்குள் பறவைத் தீனியை நிரப்பிப் பிராவுக்குள் வைத்துக்கொண்டார்கள். அங்கே பறவைத் தீனியில் பெரும்பங்கு என்ன தெரியுமா? தினையும் பனிவரகும்! வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் விளையும், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக மலைமக்களோடு சேர்ந்து காப்பாற்றிவரும் சிறுதானியக் குடும்பம்தான். தானியத்துக்கு எடை உண்டு, உடம்போடு அசையவும் செய்யும். ஆனால் வியர்வை பட்டால் ஈரம் கோக்கும், வண்டு விழும், முளைக்கவும் கூடும். இன்றைக்கு யாரும் அதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் வழியில்லாத காலத்தில் எடை வேண்டும் என்பதைத் தாமாகவே கண்டுபிடித்த அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இன்றைக்கு என்ன வழி? நூல்! கனடாவின் டொரன்டோ நகரில் பெரில் சாங் என்ற பெண், விலை கொடுத்து வாங்கிய செயற்கை மார்பு ஒத்துவராமல், தானே நூலில் ஒன்று பின்னிக்கொண்டார். அதன் செய்முறையை 2005இல் வெளியிட்டார். 2011இல் அமெரிக்காவில் பார்பரா டெமரெஸ்ட் அதை இலவசத் தொண்டாக வளர்த்தார். மும்பையில் ஜெயஸ்ரீ ரத்தன் தொடங்கிய 'சாய்ஷா இந்தியா' அமைப்பில் தொண்டர்கள் பருத்தி நூலில் குரோஷா போட்டு, உள்ளே பஞ்சு நிரப்பி, வேண்டியவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். பஞ்சைக் கூட்டிக் குறைத்து நம் அளவுக்குக் கொண்டுவரலாம், வீட்டிலேயே துவைக்கலாம், வெயிலில் வேர்த்தாலும் கசகசக்காது. எடை போதவில்லையா? வழவழப்பான சின்னக் கூழாங்கல்லைப் பஞ்சுக்கு நடுவே பொதித்துக்கொள்ளலாம். குரோஷா தெரிந்த மகளிர் குழு கொல்லிமலையின் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் இருந்தால் அவர்களால் இதை ஒரே மாலையில் செய்ய முடியும்.

எதை எப்போது போடலாம் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அறுவை முடிந்த புதிதில் கையைப் பின்னால் கொண்டுபோகவும் முடியாது, தலைக்கு மேலே தூக்கவும் முடியாது. அதனால் முன்பக்கம் கொக்கி வைத்த மெத்தென்ற பருத்தி பாடிதான் சரி. கட்டுப் பிரித்து டாக்டர் சம்மதித்ததும் பஞ்சு வைத்த லேசான மார்பு. காயம் நன்றாக ஆறி, பொதுவாக 6 முதல் 8 வாரம் போனபின் எடையுள்ள சிலிக்கான். நடுவில் கரண்டு வைத்தால் அந்தத் தோல் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அந்த நாட்களில் தையல் விளிம்புகூட உரசிப் புண்ணாக்கும். சிலருக்குப் பாடியே போடாமல் தளர்ந்த பருத்தி பனியன் மட்டும் போதும். கம்பி வைத்த பிரா ஆறும்வரை கூடவே கூடாது. மார்பை மறுசீரமைப்பு செய்துகொண்டவர்கள் அந்த சர்ஜன் சொல்கிற நாளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கை. அக்குளில் நெறிகட்டியை (நிணநீர் முடிச்சை) எடுத்திருந்தால், கையிலிருந்து வடிய வேண்டிய நிணநீருக்குப் பாதை குறைந்துவிடுகிறது. அது தேங்கினால் கை வீங்கும். அறுவை முடிந்து பல வருஷம் கழித்துக்கூட வரும்! ஒல்லியான ஸ்ட்ராப் தோளில் வெட்டினாலும், கீழ்ப்பட்டை நெஞ்சைச் சுற்றி இறுக்கினாலும் நிணநீர் வடிவது தடைபடலாம். ஆகவே தோள்பட்டை இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும், உள்ளே மெத்தை வைத்திருந்தால் இன்னும் நல்லது. அக்குள் பக்கத்துத் துணி உயரமாக வந்து தழும்பை மூட வேண்டும். இங்கே நாம் மறக்கும் இன்னொரு ஆள் ஜாக்கெட்! நம் ஊர் ஜாக்கெட் கை பிடித்தாற்போல் இருந்தால்தான் அழகு என்று தைக்கிறோம். நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கையை மட்டுமாவது தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள். வளையல் திடீரென்று இறுகினால், கை கனத்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. மலையில் உள்ளவர்கள் சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சேலை கட்டுபவர்களுக்குச் சிலிக்கான் மார்பின் பெரிய எதிரி எது தெரியுமா? ஊக்கு! முந்தானைக்குக் குத்தும் ஊக்கு கொஞ்சம் ஆழமாகப் போனால் சிலிக்கானில் ஓட்டை விழுந்துவிடும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்தது போயிற்று. தோளுக்கு மேலே, பட்டையோடு சேர்த்துக் குத்துங்கள். தினமும் மென்மையான சோப்பில் கழுவித் துடைத்து, வாங்கும்போது கூட வந்த பெட்டியிலேயே வையுங்கள்.

'பிரா போட்டதால்தான் புற்றுநோய் வந்தது' என்று சொல்லிச் சொல்லி நோயாளியையே குற்றவாளி ஆக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை. சியாட்டில் நகரத்து ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம், மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. எந்த வயதில் போடத் தொடங்கினார்கள், தினம் எத்தனை மணி நேரம், கம்பி உண்டா, கப் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். எந்தத் தொடர்பும் இல்லை! நோய் வந்தவரிடம் இந்தப் பழியைத் தயவுசெய்து யாரும் கொண்டுபோகாதீர்கள்.

எதுவுமே வைக்காமல் இருக்கலாமா? தாராளமாக! அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட், மார்பை எடுத்தபின் செயற்கை மார்பு வேண்டாம் என்று மறுத்து, ஏன் மறுத்தேன் என்று 1980இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். நமக்கு அது புதிதா? ஒரு மார்பைத் திருகி எறிந்த கண்ணகியைத் தெய்வமாக நிறுத்திக் கோயில் கட்டிய கதையை வைத்திருப்பவர்கள் நாம். இரண்டு மார்பும் எடுத்தவர்களுக்கு ஒரு பக்கம் இழுக்கும் எடைச் சிக்கலே இல்லை. அவர்கள் விரும்பிய அளவில் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். முடிவு அவர்களுடையது. மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்ல அதில் ஒன்றுமில்லை.

வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பழைய அளவை மறந்துவிட்டுப் புதிதாக அளவெடுங்கள். சிகிச்சையில் உடம்பு ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும். 34 போட்டவருக்கு 36 வேண்டியிருக்கலாம். செயற்கை மார்பை நழுவாமல் வைக்க உள்ளே பை வைத்த பிரா கிடைக்கவில்லை என்றால் தெரிந்த பெண் டெய்லரிடம் போங்கள். பொருந்துகிற பருத்தி பாடி ஒன்று, கால் மீட்டர் மல் துணி, இரண்டும் போதும். கப்பின் உள்பக்கம் துணியை வைத்து, அக்குள் பக்கம் மட்டும் வாய் விட்டு, மற்ற மூன்று பக்கமும் தைக்கச் சொல்லுங்கள். தையல் பிசிறு உடம்பில் படாமல் மடித்துத் தைக்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது பட்டைக்குள் இரண்டு விரல் நுழையட்டும். இரண்டு கையையும் தூக்கினால் கீழ்ப்பட்டை நகரக் கூடாது. குனிந்தால் உள்ளே வைத்தது எட்டிப் பார்க்கக் கூடாது. கழற்றியதும் தோலில் சிவந்த கோடு வெகுநேரம் மறையாமல் இருந்தால் அது இறுக்கம். முதலில் ஒன்றை மட்டும் தைத்து, அரை நாள் போட்டு வேலை செய்து பார்த்துவிட்டு, பிறகு மற்றதைக் கொடுங்கள்.