கலப்பின மகிழுந்தும் கொல்லிமலைப் பாதையும்

கலப்பின மகிழுந்து என்பது பெட்ரோல் எந்திரம், மின்னோடி ஆகிய இரண்டாலும் இயங்கும் ஊர்தி. இதனை ஹைபிரிட் கார் என்றும் அழைப்பர். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் கலப்பின மகிழுந்தாகும். இந்தியாவில் 2022-இல் ஹோண்டா சிட்டி, மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் கலப்பின வகைகள் அறிமுகமாயின. மின்னேற்று நிலையத்தை நாடத் தேவையில்லை என்பது இவற்றின் சிறப்பு.

இவை இயங்கும் முறைக்கு நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை நல்ல எடுத்துக்காட்டு. அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது எந்திரமும் மின்னோடியும் சேர்ந்து வண்டியை இழுக்கின்றன. இறங்கும்போது சக்கரங்கள் மின்னோடியைச் சுழற்றுகின்றன. அது மின்னாக்கியாகச் செயல்பட்டு மின்கலத்தை நிரப்புகிறது. வண்டியின் வேகமும் குறைகிறது. இது மீளாக்கத் தடுப்பு எனப்படும்.

இதற்கு எல்லையும் உண்டு. 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறக்குறைய 4 கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படுகிறது. இவ்வண்டிகளின் மின்கலமோ பொதுவாக 2 கிலோவாட் மணிக்கும் குறைவாகவே கொள்ளும். காற்றுத் தடையிலும் உராய்விலும் ஒரு பகுதி செலவானாலும், அடிவாரம் சேருமுன்பே மின்கலம் நிறைந்துவிடக்கூடும். அதன்பின் மீளாக்கத் தடுப்பு பெரிதும் கைகொடுக்காது. பிரேக்கை மட்டும் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும். எனவே பல கலப்பின மகிழுந்துகளில் உள்ள 'பி' நிலைக்கு மாற்றி, எந்திரத்தின் தடையையும் பயன்படுத்தி மெதுவாக இறங்குவதே பாதுகாப்பானது.