ஊருக்கு போறீங்களா? நிறுத்தி வைத்த எலக்ட்ரிக் கார் 'மக்கர்' பண்ணும்... உஷார்!

சென்னை:
நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், எலக்ட்ரிக் காரை நிறுத்திவிட்டு சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறோம். சில வாரம் தங்கிவிட்டு வந்து ரிமோட்டை அழுத்தினால் கதவுகூட திறப்பதில்லை. 'போகும்போது 80 சதவீதம் சார்ஜ் இருந்துச்சே, எங்க போச்சு?' என்று தலையை சொறிய வேண்டியதுதான். டாக்சி ஓட்டுகிறவர் என்றால் அன்றைய வருமானமும் காலி.

உண்மையில் சார்ஜ் எங்கேயும் போயிருக்காது. இந்த கார்களில் பேட்டரி இரண்டு. வண்டியை ஓட்டுவது, அடியில் இருக்கும் பெரிய லித்தியம் பேட்டரி. இன்னொன்று, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சின்ன பேட்டரி. கதவு லாக், கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை 'கனெக்ட்' செய்யும் ரிலே எல்லாம் இந்த சின்னதை நம்பித்தான் இருக்கின்றன. இது படுத்தால் பெரியது புல்லாக இருந்தும் வண்டி எழும்பாது.

சின்ன பேட்டரியை உறிஞ்சுவது பெரும்பாலும் நாம் வெளியே வாங்கி மாட்டியதுதான். நிறுத்திய பிறகும் ஓடும் டேஷ்கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர் இரண்டும் ராத்திரி பகலாக தின்னும். செல்போன் ஆப்பில் 'வண்டி எப்படி இருக்கு' என்று எட்டிப் பார்ப்பதும் தப்பு. ஒவ்வொரு முறையும் தூங்கும் கார் விழித்துக்கொள்ளும். சாவியை காருக்கு பக்கத்திலேயே தொங்கவிட்டாலும் சில மாடல்களில் இதே கதைதான்.

கிளம்பும் முன் கேமரா ஒயரை கழற்றிவிடுங்க. பெரிய பேட்டரியில் 50, 60 சதவீதம் இருந்தால் போதும். 100 சதவீதம் ஏற்றி வெயிலில் வாரக்கணக்கில் போட்டால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். சுத்தமாக காலியாக விட்டுப் போவது அதைவிட மோசம். அந்த பேட்டரியை மாற்றினால் லட்சக்கணக்கில் செலவு! நிழலில் நிறுத்துங்க. வீட்டில் ஆள் இருந்தால், வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் 'ஆன்' செய்து வைக்கச் சொல்லுங்க. ஆன் ஆனால்தான் பெரிய பேட்டரி சின்னதுக்கு சார்ஜ் கொடுக்கும். சில மாடல்கள் தாமாகவே ஏற்றிக்கொள்ளும், மேனுவலை பாருங்க.

அப்படியும் படுத்துவிட்டதா? ரிமோட்டுக்குள்ளேயே இரும்பு சாவி ஒளிந்திருக்கும், அதில் கதவை திறக்கலாம். வெளியில் இருந்து 12 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் ஆரஞ்சு கலர் ஒயர் பக்கம் கையை கொண்டு போகாதீங்க, அது உயிரை எடுக்கும் வோல்டேஜ். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, மோட்டார் கெட்டுப்போகும். லாரி மேல் ஏற்றித்தான் கொண்டு போகணும்.