சம்பளம் இல்லாத கப்பல்

ஊழியம் செய்யப் போகிறோம் என்று பெட்டி கட்டிக்கொண்டு கப்பல் ஏறிய வாலிபர் பலருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? துடைப்பமும் வாளியும்!

கப்பலின் பெயர் லோகோஸ். ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற கிறிஸ்தவ சங்கம் 1970-ல் அதை வாங்கியது. துறைமுகம் துறைமுகமாகப் போவார்கள். புத்தகம் விற்பார்கள். வேதம் சொல்வார்கள். வேலைக்கு வந்தவர்கள் பல தேசத்து ஆண்கள், பெண்கள். சம்பளம் கிடையாது. தங்கள் செலவுக்கான பணத்தையும் சபையாரிடமும் நண்பர்களிடமும் திரட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஒருவருக்குச் சமையல்கட்டு. ஒருவருக்கு எஞ்சின் அறை. ஒருவருக்குப் புத்தகப் பெட்டி தூக்கும் வேலை. வேற்றுப் பாஷைக்காரரோடு ஒரே அறையில் படுக்கவேண்டும். மேடை ஏறிப் பேசுவதைவிட இதுதான் கஷ்டமான ஊழியம்!

1988 ஜனவரி 4. தென் அமெரிக்காவின் தென்கோடி. அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. நள்ளிரவு நெருங்கும் வேளை. பீகிள் ஜலசந்தியில் பாறைமேல் ஏறி நின்றுவிட்டது! கப்பல் சாயத் தொடங்கியது. உள்ளே சுமார் 140 பேர். எல்லோரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள். சிலி நாட்டுக் கடற்படை வந்து மீட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கப்பல் போயிற்று. எங்கோ ஊரில் இருந்து இந்தச் சேதியைக் கேட்ட தாய் தகப்பன்மார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

சங்கத்தார் வேறொரு கப்பலை வாங்கிச் செப்பனிட்டு, 1990-ல் பயணம் தொடங்கினார்கள். பெயர் லோகோஸ் 2. அதற்கும் வாலிபர்கள் வந்து சேர்ந்தார்கள், சம்பளம் இல்லாமலே.