கேன்சர் இல்லைன்னா தாடையை ஏன் வெட்டணும்?

இந்தக் கேள்வி சின்னாளப்பட்டியில இருக்கற எங்க அத்தை கேட்டது. கீழ்த்தாடையில வலியே இல்லாத ஒரு வீக்கம். பல்லு ஆட ஆரம்பிச்ச பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். பயாப்ஸியில வந்த பேர் அமிலோபிளாஸ்டோமா.

பல் உருவாக்குற திசுக்கள்ல இருந்து வர்ற கட்டி இது. பொதுவா வேற உறுப்புக்குப் பரவாது. ஆனா எலும்புக்குள்ள மெதுவா ஊடுருவிக்கிட்டே போகும். சுரண்டி மட்டும் எடுத்தா திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனாலதான் சுத்தி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டறாங்க.

எல்லாத் தாடைக் கட்டியும் இப்படிக் கிடையாது. 2019-ல சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில 7 வயசுப் பையன் தாடையில இருந்து 526 பல் எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அது ஓடன்டோமா. 200 கிராம் பை மாதிரி முழுசா வெளிய வந்துச்சு. எலும்பைப் பக்கவாட்டுல உடைக்காம மேலிருந்து துளைச்சதால, தாடையைத் திரும்பக் கட்ட வேண்டிய அவசியமே வரலை. பையனுக்கு மிச்சம் 21 பல். நாம எல்லாரும் 526-ஐத்தான் ஷேர் பண்ணோம். எனக்கு இப்ப அந்த 21 தான் பெரிய நம்பர்.

அத்தைக்கு எலும்பு மிஞ்சலை. கால்ல இருந்து எடுத்து வைக்கணும்னு டாக்டர் சொன்னார். "அப்ப நான் தறி மிதிக்க முடியுமா?" இதுதான் அத்தையோட முதல் கேள்வி. முகத்தைப் பத்தி அப்புறம்தான் கேட்டாங்க.

முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு. பாரத்தைப் பெரும்பாலும் தாங்குறது தடிச்ச எலும்பு. மெலிசான ஃபிபுலாவில நடுப்பகுதியை மட்டும் ரத்தக்குழாயோட எடுத்து, துண்டு போட்டுத் தாடை வளைவுக்குப் பொருத்தி, டைட்டானியம் பிளேட்டால இறுக்குவாங்க. குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப் வச்சுத் தைப்பாங்க. எலும்பு உயிரோட இருக்கறது அந்தத் தையலாலதான். தாடைக்கு இந்த முறையை 1989-ல எழுதி வெளியிட்டவர் அமெரிக்க டாக்டர் டேவிட் ஹிடால்கோ.

முகம் திரும்ப வந்தாச்சு. ஆனா பல்? எலும்பு ஒட்டணும், அதுல இம்ப்ளான்ட் திருகணும், அது பிடிக்கணும், அப்புறம்தான் மேல பல்லு. இதுக்கே பல மாசம் ஆகும். இதை எங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லலை, நாங்களும் கேக்கலை. ஆபரேஷனுக்கு முன்னாடியே பல் டாக்டரையும் உக்கார வச்சுப் பேசிடுங்க. இம்ப்ளான்ட் எங்க வரணும்கறதை வச்சுத்தான் எலும்பையே பொருத்தணும்.

அத்தை தறிக்குத் திரும்பிட்டாங்க. சாப்பாடு மட்டும் இன்னும் குழைச்ச பருப்பு சாதம்தான். பிரியாணிக் கடையைத் தாண்டுறப்ப, "வேகமா போடா" ம்பாங்க.