மனவடு ஆற்றும் சொற்கள்

கசார்வாடியில் வாழும் நமக்கு ரயிலின் ஓசை புதிதன்று. ரயில் கடந்து செல்லும்வரை பேச்சை நிறுத்துவோம், பின்பு தொடர்வோம். ஆனால், கொடிய ரயில் விபத்தில் உயிர் தப்பிய ஒருவர் அதே ஓசையைக் கேட்டால், அவ்விபத்து அக்கணமே மீண்டும் நிகழ்வதுபோல் நடுங்கக்கூடும்.

போர், விபத்து, வன்முறை, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றில் சிக்கியவர்களுள் பலர் குடும்பத்தாரின் அரவணைப்பால் நாளடைவில் தேறிவிடுகின்றனர். சிலருக்கோ தீய கனவு, உறக்கமின்மை, திடுக்கிடல் முதலியன ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கின்றன. ஈழத்து மனநல மருத்துவர்கள் இந்நோயை ‘மனவடு’ என்னும் சொல்லால் குறிப்பர். இது கோழைத்தனம் அன்று. குணப்படுத்தக்கூடிய நோயே ஆகும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கியது. வடகிழக்கில் வாழ்ந்த தமிழ்ச் சிறுவர்கள் அதற்கு முன்பே போரின் கொடுமையையும் கண்டிருந்தனர். அங்கிருந்த முகாம் ஒன்றில், மனவடுவால் துன்புற்ற 31 சிறுவர்களுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சிகிச்சை அளித்தனர். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையை ஆறு அமர்வுகளில் எடுத்துரைத்தனர். மற்றொரு பிரிவினர் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் கற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின் ஆராய்ந்தபோது, இரு பிரிவினருள்ளும் பெரும்பாலோர் நலம் பெற்றிருந்தனர். இவ்வாய்வு 2009இல் வெளிவந்தது.

கதை சொல்லும் சிகிச்சையில், சிறுவர் முதலில் ஒரு கயிற்றைத் தரையில் விரிப்பார். அதுவே அவரது வாழ்க்கைக் கோடு. மகிழ்ச்சியான நிகழ்வுகளுக்குப் பூக்களையும், துன்ப நிகழ்வுகளுக்குக் கற்களையும் அதன்மேல் வரிசையாக வைப்பார். பின்னர், பிறந்தது முதல் நிகழ்ந்தவற்றை முறையாகக் கூறுவார். ஆலோசகர் அதனை எழுதி, அடுத்த அமர்வில் படித்துக் காட்டுவார்; விடுபட்டவை சேர்க்கப்படும். இறுதியில் அவ்வேடு சிறுவருக்கே வழங்கப்படும்.

பேசுவதால் நோய் எவ்வாறு தீரும்? பேரச்சத்தின்போது ஓசை, மணம், நடுக்கம் ஆகியவை காலமும் இடமும் இன்றிச் சிதறிய துண்டுகளாக மனத்தில் பதிகின்றன. ஆகவே, ஒரு துண்டு தட்டுப்பட்டாலும் அச்சம் முழுவதும் எழுகிறது. பாதுகாப்பான இடத்தில் அவற்றை வரிசைப்படுத்திக் கூறும்போது, “அது அன்று நடந்தது, இன்று நான் நலமாக இருக்கிறேன்” என மனம் உணர்கிறது. கல் மறைந்துவிடுவதில்லை, தனக்குரிய இடத்தில் அமைகிறது.

மாணவர்களே! இது பயிற்சி பெற்றோர் செய்யும் சிகிச்சை. துன்புற்ற நண்பனை “என்ன நடந்தது, சொல்” என வற்புறுத்துதல் தகாது. அவன் தானாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கே அத்துன்பம் நேரின் மறைக்காதீர்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் தமிழ், மராத்தி உள்ளிட்ட பல மொழிகளில் கட்டணமின்றிப் பேசலாம். பள்ளியில் எம்மொழியில் பயின்றாலும், அழுகையும் அச்சமும் பெரும்பாலும் வீட்டு மொழியிலேயே சொல்லாகின்றன. அச்சொற்களை இழக்காதிருத்தலும் தமிழ் கற்பதன் ஒரு பயனாகும்.

அருஞ்சொற்பொருள்
வடு – தழும்பு
ஆழிப்பேரலை – சுனாமி
அமர்வு – ஆலோசகருடன் கூடிப் பேசும் வேளை

சிந்தித்து விடை தருக
1. வாழ்க்கைக் கோட்டில் பூவும் கல்லும் எவற்றைக் குறிக்கின்றன?
2. “கல் மறைந்துவிடுவதில்லை, தனக்குரிய இடத்தில் அமைகிறது” – விளக்குக.