உச்சந்தலையில் ஓர் ஆன்டெனா

கைப்பேசியில் எஃப்.எம். கேட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இயர்ஃபோனைச் செருகாமல் நிலையத்தைத் தேடினால், முதலில் அதைச் செருகச் சொல்லித் திரை கேட்கும். பாட்டை ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறோம் என்றாலும் பல கைப்பேசிகள் விடுவதில்லை. அந்த வயர்தான் ஆன்டெனா என்பதே காரணம். 100 மெகாஹெர்ட்ஸில் வரும் எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். காதிலிருந்து சட்டைப்பை வரை தொங்கும் வயரும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். குச்சி ஆன்டெனா வைக்க இடமில்லாத கருவிக்கு, எப்படியும் கூடவே வருகிற வயரைப் பயன்படுத்திக்கொண்டது நல்ல யோசனை.

அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவர முயன்றபோது இந்த யோசனை உதவவில்லை.

அங்கே எக்ஸ்எம் நிறுவனம் 2001 செப்டம்பரிலும் சிரியஸ் நிறுவனம் 2002லும் ஒலிபரப்பைத் தொடங்கின. மாதச் சந்தா கட்டினால் நூறு நிலையங்கள்; நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை காரோட்டினாலும் அதே நிலையம் மாறாமல் கேட்கும். காருக்கு ஆன்டெனா வைப்பதில் சிரமமில்லை. கூரைமேல் ஒட்டிவிட்டால் வானம் முழுதும் அதற்குத் திறந்தே கிடக்கும். 2004 இறுதியில் டெல்ஃபி நிறுவனத்தின் ‘மைஃபை’ என்ற கையடக்க எக்ஸ்எம் கருவி கடைக்கு வந்தது. சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. மனிதருக்குக் கூரை ஏது?

இந்த ஒலிபரப்பு 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வருகிறது. அலைநீளம் 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எஃப்.எம். அலை சுவரையும் ஆளையும் ஓரளவு சுற்றிக்கொண்டு வந்துவிடும். இவ்வளவு குட்டையான அலையால் அது முடியாது. போதாக்குறைக்கு, மனித உடம்பில் பெரும்பகுதி நீர். இந்த அலையை அது நன்றாக உறிஞ்சிவிடும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மெலிந்து மெலிந்து வந்து சேர்வதை, கேட்பவரின் விலாவே மறைத்துவிடுகிறது. இடுப்பில் மாட்டினால் உடம்பு பாதி வானத்தை அடைத்துக்கொள்ளும். தோளில் குத்திக்கொள்ளும் ஆன்டெனாவுக்குத் தலையே தடை. நடப்பவர் தெருமுனையில் திரும்பினால் பாட்டு அறுந்துபோகும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும் இடம் உடம்பில் ஒன்றுதான்: உச்சந்தலை. ஹெட்ஃபோனின் வளைபட்டை ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பட்டைக்குள் வெறும் கம்பியை ஓட்டினால் போதாது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை திருகாணியின் மரைபோலச் சுழன்றுகொண்டே வருகிறது. நேர்க்கம்பி அதில் பாதி ஆற்றலைத்தான் பிடிக்கும். அதே திசையில் சுழலும் அலைக்கென்று வடிவமைத்த ஆன்டெனா வேண்டும். அது இருந்தால் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாலும் பெரிதாக நஷ்டமில்லை. இதற்கு வழக்கமாகக் கைகொடுப்பது, பீங்கான் வில்லையின்மேல் உலோகத் தகடு பதித்த ஒரு சதுரம். பீங்கானுக்குள் அலை மெதுவாகச் செல்லும், அதனால் அதன் நீளமும் சுருங்கும். ஆன்டெனாவைச் சின்னதாகச் செய்ய முடிகிற சூட்சுமம் அதுதான். ஜி.பி.எஸ். கருவிகளிலும் இதே வில்லையைப் பார்க்கலாம்.

பிடித்ததைச் சட்டைப்பைக்குக் கொண்டுசேர்ப்பது அடுத்த கவலை. மெல்லிய கேபிளில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் அலையின் வலு கரைந்துவிடும். அதனால் இந்த வகை ஆன்டெனாவின் அருகிலேயே, தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்காத சிறு பெருக்கியை வைப்பார்கள். அதற்கு மின்சாரமும் கருவியிலிருந்தே ஏற வேண்டும். ஆக, ஒரே கேபிளில் வானொலி அலை கீழே இறங்குகிறது. பாட்டும் மின்சாரமும் மேலே ஏறுகின்றன. ஒன்றோடொன்று கலக்காமல் இவற்றைப் பிரித்தெடுப்பதில்தான் பொறியாளரின் கைத்திறன் இருக்கிறது.

சிரியஸ் 2006ல் வெளியிட்ட ‘ஸ்டிலெட்டோ 100’ கருவியோடு இத்தகைய ஹெட்ஃபோன் சேர்ந்தே வந்தது. தலைமேல் ஆன்டெனா என்பது சிரியஸுக்குக் கூடுதலாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. எக்ஸ்எம்மின் இரு செயற்கைக்கோள்களும் பூமத்திய ரேகைக்கு மேல் நிலைத்து நின்றவை. சியாட்டில் போன்ற வடக்கு நகரத்திலிருந்து பார்த்தால் அவை தெற்கு வானத்தில் 35 பாகை உயரத்துக்கு மேல் இருக்காது. ஒரு மரம் மறைக்கப் போதும். சிரியஸின் மூன்றோ நீள்வட்டப் பாதையில் சுற்றின. ஒவ்வொன்றும் நாளில் சுமார் 16 மணி நேரம் வட அரைக்கோளத்தின்மேல், அமெரிக்கர்களின் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி அந்தப் பாதையை வகுத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் செயற்கைக்கோள் வானொலி கேட்டவர்கள் உண்டு. 2000ல் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் வழியாக வந்த வேர்ல்டுஸ்பேஸில் தமிழுக்கென்றே கே.எல். ரேடியோ இருந்தது, கர்நாடக இசைக்கு ஸ்ருதி இருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதர். ஏசியாஸ்டார் நின்றது கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில். சென்னைக்காரர்கள் ஆன்டெனாவைக் கடல் பக்கமாக, கிழக்கு வானத்தை நோக்கித் திருப்ப வேண்டும். கிழக்கே ஜன்னலோ மொட்டைமாடியோ இல்லாத வீட்டுக்கு அது எட்டாக்கனி. நடந்துகொண்டே கேட்கும் வசதி இங்கே வராமலே, 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றுபோனது. அந்த நிலையங்களோடு விடிந்த வீடுகளுக்கு அது உண்மையான இழப்பு.

அமெரிக்காவிலும் தலையில் ஆன்டெனா சுமந்த காலம் நீளவில்லை. ஸ்டிலெட்டோவிலேயே வைஃபை இருந்தது. கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் எட்டாத இடத்தில் இணையம் வழியே கேட்கலாம். கைப்பேசிகள் அதையே எல்லா இடத்துக்கும் வழியாக்கிவிட்டன. 2008ல் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. செயற்கைக்கோள் வானொலி மறுபடியும் கார்க் கூரைக்கே திரும்பியது.

ஹெட்ஃபோனுக்குள் ஆன்டெனா மட்டும் வேறு வடிவில் தங்கிவிட்டது. இன்று காதில் செருகும் புளூடூத் இயர்பட்ஸ் ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கிறது. அதன் அலைவரிசை 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, பழைய செயற்கைக்கோள் ஒலிபரப்புக்கு மிக அருகில். இப்போது அலை 36,000 கிலோமீட்டர் கடந்து வர வேண்டியதில்லை, ஒரு மீட்டர் போதும். ஆனாலும் கைப்பேசியைக் கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு திறந்த மைதானத்தில் நடக்கையில் சில சமயம் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். குறுக்கே நிற்பது அதே உடம்பு, அதே நீர். கைப்பேசியைச் சட்டைப்பைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.